பரிந்துரையின் கடைசி இரண்டு வரி

ஜனவரி 5, திங்கள்

உறுதியான செய்தி: நார்வேயில் ஒரு பல்கலைக்கழகம், சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கு, முனைவர் பட்டம் முடித்த ஒருவரை இரண்டு வருடத்துக்கு வேலைக்கு எடுக்கிறது. ஆதாரம்: என் மனைவி வஞ்சிக்கொடி, இன்று காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே சொன்னது.

விளம்பரத்தை நானும் படித்துப் பார்த்தேன். பட்டம் பெற்று ஐந்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. வஞ்சிக்கு வரும் ஜூனில் ஐந்து முடிகிறது. கல்லூரியில் அவள் பார்க்கும் ஆய்வுத் திட்டத்துக்கு மார்ச்சோடு நிதி நிற்கிறது. அதன்பின் முதலாமாண்டு மாணவர்களின் லேப் ரெக்கார்டில் கையெழுத்துப் போடும் வேலைதான். நாற்பத்தொரு வயதில் இது அவளுக்குக் கடைசிப் பேருந்து. இதை அவள் சொல்லவில்லை. நான் கணித்தது.

"போனா ரெண்டு வருசமும் அங்கயேதான் இருக்கணுமா?" என்று கேட்டேன்.

"வாராவாரம் வந்துட்டுப் போறதுக்கு அது என்ன பொள்ளாச்சிங்களா?"

விண்ணப்பிக்கக் கடைசி நாள் 14. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு எழுத வேறு இடமில்லை என்பதால் இவையெல்லாம் இந்த டைரியில் வருகின்றன.

ஜனவரி 7, புதன்

விண்ணப்பத்தோடு இரண்டு பரிந்துரைக் கடிதம் வேண்டும்; தருபவரே நேராக அனுப்ப வேண்டும். ஒன்று சென்னைப் பேராசிரியை ஒருவருடையது. கேட்ட அன்றே அனுப்பிவிட்டார். இன்னொன்று, வஞ்சியின் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் நஞ்சப்பன் தர வேண்டியது. அவரிடம் வஞ்சி போய்க் கேட்டாள். "அதுக்கென்னம்மா, நீயே எழுதிட்டு வா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றாராம்.

இது அவருடைய தனிப் பழக்கம் இல்லையாம். மாணவரைப் பாராட்டிப் பேராசிரியர் எழுத வேண்டிய கடிதத்தை மாணவரே எழுதிக்கொண்டு போவது அந்த உலகத்தில் ஊரறிந்த வழக்கம் என்கிறாள் வஞ்சி.

சாயங்காலம் உட்கார்ந்து எழுதினாள். முடித்ததும் வாங்கிப் பார்த்தேன். மொத்தம் நான்கு வரி. 'இவர் ஒழுங்காக வேலைக்கு வருவார். பொருட்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்' என்பது அதில் மிக உயர்ந்த பாராட்டு.

"இதைப் படிச்சா வாட்ச்மேன் வேலைக்குக்கூட யோசிப்பாங்க" என்றேன்.

"நம்மளப் பத்தி நாமளே எப்படிங்க எழுதறது? கல்யாணப் பத்திரிகையில பொண்ணே 'லட்சணமான பொண்ணு'ன்னு போட்டுக்கற மாதிரி இருக்குது."

நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். முப்பது வருடம் ஆங்கில ஏஜென்சிச் செய்தியைத் தமிழாக்கியவன், இப்போது வண்டியைத் திருப்பி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்று நிபந்தனை வைத்தேன். ஆதாரமில்லாமல் ஒரு வரியும் எழுத மாட்டேன். இரு தரப்பும் இருக்கும். எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கு முன்கூட்டியே காட்டும் வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது.

"நாந்தானுங்க சம்பந்தப்பட்டவ."

அதைத்தான் சொன்னேன் என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

கல்லூரிக்குப் போய் விசாரித்தேன். ஆய்வக உதவியாளர் பொன்னுச்சாமி டீ வாங்கிக் கொடுத்தபின் பேசினார்.

"மேடம் தங்கமானவங்கதான் சார். ஆனா ஒரு நா குழாயத் தொறந்து உட்டுட்டு சாப்புடப் போயிட்டாங்க. மூணாவது மாடி லேப் தண்ணி அப்படியே ரெண்டாவது மாடில எறங்கி, பிரின்சிபால் ரூமுக்குள்ள போயிருச்சு. வெறும் தண்ணியா இருந்தாப் பரவால்லீங்க. ஊதாக் கலரு."

"பிரின்சிபால்?"

"வெள்ளைச் சட்டைங்க."

இன்னொரு தகவலும் அவரிடம் கிடைத்தது. உப்பை வடிகட்டும் சவ்வுகள் ஆரம்பத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து கிழிந்துகொண்டே இருந்தனவாம். சவ்வே சரியில்லை என்று மற்றவர்கள் கைவிட்டபோது, கிழிப்பது அதைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் என்று கண்டுபிடித்தது வஞ்சி. இதை அவள் என்னிடம் சொன்னதேயில்லை. அல்லது சொன்னபோது நான் பத்திரிகை டெஸ்க்கில் இருந்திருக்கலாம். கேன்டீன்காரர், நூலகர், இரண்டு மாணவர்கள் ஆகியோரும் இதை உறுதி செய்தனர். பேராசிரியர் நஞ்சப்பனிடம் கருத்துக் கேட்டேன். "நல்ல பொண்ணு" என்றார்.

மதியம் எழுதி முடித்தேன். ரப்பர் வளையம் முகப்பு வரியில். ஊதாத் தண்ணீர் மூன்றாவது பத்தியில். செய்தி முழுமையாக இருக்கட்டும் என்று கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். அவற்றை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 9, வெள்ளி

நஞ்சப்பன் கையெழுத்திட்டார். படிக்கவில்லை. தாளைத் தூரப் பிடித்து, பக்கம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

"பிரமாதம். நிருபர் சார், உங்க கை சும்மாதானே இருக்கு? இன்னொரு பொண்ணுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க."

அந்தப் பெண்ணின் பெயர் மெர்லின். கோத்தகிரி. போன வருடம் பட்டம் முடித்தவள். எந்த வேலைக்கு என்று கேட்டேன். அதே நார்வே. அதே வேலை. இருப்பது ஒரே இடம்.

தொழில்முறையில் ஒரு தரப்புக்கு எழுதிவிட்டு மறுதரப்புக்கு மறுக்க முடியாது. ஒப்புக்கொண்டேன்.

வஞ்சியிடம் சொன்னதும் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். பிறகு, "நல்ல புள்ளைங்க அது. நல்லாவே எழுதிக் குடுங்க" என்று தொடர்ந்து நறுக்கினாள். கண்ணில் நீர் இருந்தது. காரணம் வெங்காயம் என்று கொள்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

மெர்லின் வீட்டுக்கு வந்தாள். பேட்டி எடுத்தேன்.

"உன்கிட்ட இருக்கற குறை என்னம்மா?"

"அங்கிள், அப்படி எதுவும் தோணலையே. அக்கா, என்கிட்ட என்ன குறை?"

வஞ்சி அடுப்படியிலிருந்து, "தோசையை மூணோட நிறுத்திக்கறதுதான் குறை" என்றாள்.

"நார்வேயில் குளிர் அதிகமாமே?"

"கோத்தகிரி அங்கிள் நானு. இங்க கோயமுத்தூர்லதான் எனக்கு வேர்த்துக் கொட்டுது."

குடும்பத்தைப் பிரிந்து இருக்க முடியுமா என்றும் கேட்டேன். எட்டு வருடமாக விடுதியில்தான் இருக்கிறாளாம். பொன்னுச்சாமியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. குறை சொல்ல ஆள் கிடைக்காததால் மெர்லின் கடிதம் பாராட்டாகவே முடிந்தது. மறுப்புத் தெரிவிக்க எவரும் முன்வரவில்லை.

ஜனவரி 12, திங்கள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கினேன். பிரஷ் வாங்க மறந்தேன்.

ஜனவரி 14, புதன்

போகி. வாசலில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டினோம். வஞ்சியின் விண்ணப்பம் கிடைத்துவிட்டதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கரும்பு விலை போன வருடத்தைவிடக் கூடுதல். ஆதாரம்: கரும்பு விற்றவர். மறுப்பு: வஞ்சி.

ஜனவரி 19, திங்கள்

காலையில் நஞ்சப்பன் தொலைபேசியில் வந்தார். குரல் கீழே இறங்கியிருந்தது.

"நிருபர் சார், நார்வேக்காரங்க நாளைக்கு வீடியோவுல பேசணுமாம். ரெண்டு கடிதத்தைப் பத்தியும் சந்தேகம் கேக்கணுமாம்."

"பேசுங்க சார்."

"பேசலாம். நான் என்ன எழுதியிருக்கேன்?"

படித்துக் காட்டட்டுமா என்றேன். அதெல்லாம் மனதில் நிற்காது, நேரில் வந்து பக்கத்தில் உட்காருங்கள், கேமராவில் தெரியாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதும் என்றார். போவதா வேண்டாமா என்று யோசித்தேன். கடிதத்தை எழுதியவன் என்ற முறையில் போவது என்று முடிவு செய்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று பிற்பகல் பேராசிரியர் அறையில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

திரையில் மூன்று பேர். தேர்வுக் குழுத் தலைவர் இங்கெர் என்ற அம்மாள், வெள்ளை முடி. பேச்சு ஆங்கிலத்தில். நான் பீரோவின் பக்கம் முக்காலியில் இருந்தேன். வஞ்சி கீழ்த்தளத்தில் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் கேள்வி ஊதாத் தண்ணீர் பற்றி. அது உண்மையில் நடந்ததா?

நஞ்சப்பன் என்னைப் பார்த்தார். நான் 'நடந்தது' என்று எழுதிக் காட்டினேன்.

"நடந்தது" என்றார். பிறகு அவராகவே, "பிரின்சிபால் இன்னைக்கு வரைக்கும் என்னைப் பார்த்தா வேற படிக்கட்டுல போறார்" என்றார். திரையில் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் நஞ்சப்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது. ரப்பர் வளையம் பற்றிக் கேட்டபோது என் தாளைப் பார்க்கவேயில்லை. வஞ்சி பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையம் செய்து பொருத்தியது, அன்று எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தது, அழுத்தம் எவ்வளவு ஏற்றினார்கள், எந்தச் சாயம், எல்லாம் சொன்னார். கடிதத்தில் இல்லாதவை அவை. இவ்வளவு தெரிந்தவர் ஏன் தானே எழுதவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அதன்பின் மெர்லின். "இவருக்குக் குறையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே?" நஞ்சப்பன், "பொறுமை கொஞ்சம் கம்மி. ஆனா கை வேகம்" என்றார். அதுவும் என் கடிதத்தில் இல்லை.

கடைசியாக இங்கெர் அம்மாள் ஒரு தாளை எடுத்து வஞ்சி கடிதத்தின் முடிவைப் படித்தார். 'விண்ணப்பதாரர் இதுவரை வீட்டைப் பிரிந்து இருந்ததில்லை. இரண்டு வருடம் வெளிநாட்டில் தங்க அவர் தயாரா என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை.'

"இது எங்களுக்கு முக்கியம். பாதியில் திரும்பிவிட்டால் ஆய்வு நின்றுவிடும். இதை நீங்கள் உறுதிப்படுத்த முயன்றீர்களா?"

நஞ்சப்பன் இந்த வரியை முதன்முறையாகக் கேட்கிறார். என் பக்கம் முழுவதுமாகத் திரும்பினார்.  நான் தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன்.  எழுதியதை அவரிடம் நீட்டினேன்.

பதற்றத்தில் அவர் அதை வாங்கி அப்படியே சத்தமாக வாசித்துவிட்டார்.

"உறுதி. தயாராக இருக்கிறார். ஆதாரம்: கணவர்."



"கணவர் அந்த அறையில் இருக்கிறாரா?" என்றார் இங்கெர் அம்மாள்.

நஞ்சப்பன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். நான் முக்காலியிலிருந்து எழுந்து வணக்கம் சொன்னேன்.

"இந்தக் கடிதத்தை எழுதியது நீங்களா?"

"ஆமாம்."

"மற்றதை?"

"அதையும்."

இடது ஓரத்தில் இருந்தவர் தன் ஒலிவாங்கியை அணைத்துக்கொண்டார். ஆனால் தோள் குலுங்குவது தெரிந்தது. இங்கெர் அம்மாள் சிரிக்கவில்லை. இரண்டு கடிதங்களையும் ஒதுக்குவதாகவும், விண்ணப்பித்தவர்கள் மேல் இதில் குற்றமில்லை என்று எடுத்துக்கொள்வதாகவும், பேராசிரியர் தம் கையால் இருவருக்கும் புதிதாக எழுதி 28ஆம் தேதி மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். அனுப்பாவிட்டால் இரண்டு விண்ணப்பமும் தள்ளுபடி.

"நானேவா?" என்றார் நஞ்சப்பன்.

ஜனவரி 21, புதன்

நஞ்சப்பன் இன்று வஞ்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாயங்காலம் அவள் பையை மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உறுதிப்படுத்த முடியலைன்னு எழுதினீங்களாமா?"

"ஆமா."

"பொன்னுச்சாமியக் கேட்டீங்க. கேன்டீன்காரரைக் கேட்டீங்க. லைப்ரரியில கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?"

சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் செய்தி போடக் கூடாது என்று எத்தனையோ புது நிருபர்களை நான் திட்டியிருக்கிறேன். அதைச் சொல்ல இது நேரமில்லை என்று பட்டது.

"நேத்து அவங்க கேட்டப்போ உறுதின்னு சொன்னீங்களாம். அப்பவாச்சும் என்னைக் கேட்டீங்களா?"

"நீ கிளாஸ்ல இருந்தே."

"பதினஞ்சு வருசமா ஒரே வீட்டுல இருக்கறனுங்க. நான் போகக் கூடாதுன்னுதானே அந்த ரெண்டு வரி?"

நான் அவள் பையை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

ஜனவரி 22, வியாழன்

ரசம் சாதம். பேச்சுவார்த்தையில் முன்னேற்றம் இல்லை.

ஜனவரி 24, சனி

மெர்லின் தொலைபேசியில் வந்தாள். "அங்கிள், நஞ்சப்பன் சார் சொன்னாரு. அக்காவைப் பத்தித் தண்ணி உட்டதெல்லாம் எழுதினதாலதான் அவங்களுக்கு அக்கா மேல இவ்வளவு ஆர்வமாம். என்னைப் பத்தியும் ஏதாச்சும் கெட்டதா எழுதியிருக்கக் கூடாதா?" கேட்டபோது சொல்லவில்லையே என்றேன். "ஒரு தடவை ஃபிரிட்ஜைத் திறந்துவச்சுட்டு ஊருக்குப் போயிட்டேன் அங்கிள்" என்றாள். காலம் கடந்த தகவல்.

மாலை மொட்டை மாடியில் வஞ்சி வடாம் எடுத்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"வேலை கிடைச்சா நீ போவியா?"

திரும்பிப் பார்த்தாள். "அதிகாரப்பூர்வமாக் கேக்கறீங்களா?"

"ஆமா."

"போவேன்."

ஒரே வார்த்தை. குறித்துக்கொண்டேன். பிறகு வடாம் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் என்னைப் பற்றி இன்னொன்றும் சொன்னாள். எனவே அதை இங்கே எழுதவில்லை. தட்டோடு கவனமாகப் படியிறங்கினேன். வடாம் கீழே சிந்தவில்லை.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை நாளிலும் நஞ்சப்பன் கல்லூரியில் இருக்கிறார். பொன்னுச்சாமி தரும் தகவல்: "கதவச் சாத்திக்கிட்டு எழுதறாருங்க. குப்பைக் கூடை ரொம்பிருச்சு. டீ கொண்டு போனா, 'வளையத்தைக் கண்டுபுடிச்சது மழைக்காலமா, வெயில் காலமா'ன்னு என்னையே கேக்கறாரு."

பழைய இரும்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து என் சான்றிதழ்களைத் தேடினேன். எல்லாம் இருக்கின்றன. பிறப்புச் சான்றில் மட்டும் கரையான்.

ஜனவரி 28, புதன்

உறுதியான செய்தி: பேராசிரியர் நஞ்சப்பன் தம் கையால் எழுதிய இரண்டு கடிதங்களும் இன்று மாலை, கெடு முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தன. ஆதாரம்: நஞ்சப்பனே. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "வஞ்சிக்கு மூணு பக்கம், மெர்லினுக்கு மூணு பக்கம். கை வலிக்குது நிருபர் சார். ஆனா ஒண்ணு சொல்றேன், இந்தப் பொண்ணுங்க இவ்வளவு வேலை பண்ணியிருக்காங்கன்னு எழுதறப்பத்தான் எனக்கே தெரிஞ்சது." கடிதத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் காட்டவில்லை. அதுதான் முறை.

பொதுவான ஒரு முன்னெச்சரிக்கையாக, நேற்று நான் பாஸ்போர்ட் அலுவலகம் போய் வந்தேன். இதுவரை எனக்கு அது தேவைப்பட்டதில்லை. காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து என் நடத்தை பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்பதால் எதிர்வீட்டு அழகிரிசாமியிடம் சொல்லி வைத்தேன்.

"தாராளமாச் சொல்றேன். எந்த ஊருக்குங்க போறாப்புல?"

"இன்னும் முடிவாகலைங்க."

"முடிவாகாம எதுக்குங்க பாஸ்போர்ட்?"

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வஞ்சி எட்டிப் பார்த்தாள். "அண்ணா, எனக்கே இப்பத்தான் தெரியுது. என்கிட்டயும் இன்னும் சொல்லலைங்க" என்று சிரித்தாள். ஒரு வாரத்துக்குப்பின் இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்போடே கேட்டாள்: "ஏனுங்க, அங்க போயி என்ன பண்ணுவீங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். இது உண்மை.

நிலுவையில் இருப்பவை: நேர்முகத் தேர்வுக்குத் தேர்வானவர்களின் பெயரைப் பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை அறிவிப்பதாக நார்வேயிலிருந்து தகவல். பட்டியலில் மூன்று பெயர் இருக்குமாம். காவல் நிலையத்திலிருந்து ஏட்டு வரும் நாள் நாளை மறுநாள், காலை பத்து மணிக்கு மேல்.